பார்த்தேன் என்று சொன்னேன்

என் அன்பு மகளுக்கு,

நேற்றுப் பின்னேரம் நீ கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசியபோது உன் குரலில் இருந்த சந்தோஷமே நீ சுகமாக இருக்கிறாய் என்று சொல்லிவிட்டது. அதனால் சுகம் விசாரித்து இந்தக் கடிதத்தைத் தொடங்கவில்லை. கல்யாணக் கார்டு அச்சுக்குப் போகிறது என்று சொல்லி, பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாய். பிறகு, "அப்பா, சித்தப்பாவோட கடைசி அட்ரஸ் எதாவது இருக்கா? மாப்பிள்ளை பாரிஸ்லயேதானே இருக்காரு, தேடிப் பாக்குறேன்னு சொல்றாரு. கிடைச்சா நானே நேர்ல போய் நின்னு கேக்கப்போறேன், ஏன் என்னை அப்படியே மறந்தீங்கன்னு" என்றாய். நான் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

உன் சித்தப்பா பாரிஸில் இல்லை, மகள். அவன் பிரான்சுக்குப் போகவே இல்லை. நம்முடைய வீட்டுக்குப் போகும் வழியில், மகாவலிப் பாலத்தடிக் காவலரணில் நின்ற சீருடைக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. இதை எழுத எனக்குப் பத்தொன்பது வருடம் எடுத்தது. இவ்வளவோடு நிறுத்திவிடலாம் என்றுதான் காலையில் பேனாவை எடுத்தேன். நிறுத்தினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். அவன் அந்தப் பாலத்தடியில் ஏன் நிற்கவேண்டி வந்தது என்பதைத்தான் நான் யாருக்கும், உன் அம்மாவுக்குக்கூட, சொல்லவில்லை.

நீ அம்மாவின் வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது, தமிழர்களின் வீடுகளையும் கடைகளையும் எரித்த அந்த எண்பத்துமூன்றாம் வருடத்துக் கலவரம் வந்தது. அப்போது நாங்கள் கண்டி டவுனுக்குள், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே கடைக்கு நெருப்பு வைத்தார்கள். உன் அம்மாவின் நெற்றிப் பொட்டை என் உள்ளங்கையால் அழித்துவிட்டு, பின்பக்கப் படியால் இறக்கி, மலையோரத்து ஒழுங்கைகளால் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த வயிற்றோடு மூன்று மணித்தியாலம் நடந்தாள். எங்களைக் கடந்து கார்கள் போயின, ஒன்றும் நிற்கவில்லை. அகதிகளை வைத்திருந்த பள்ளிக்கூடத்துச் சீமெந்துத் தரையில் படுத்துக்கொண்டு, "என்னங்க, நமக்குன்னு ஒரு கார் இருந்திருந்தா புசல்லாவைக்கு எங்கண்ணன் வீட்டுக்காவது போய்ச் சேந்திருக்கலாம்ல" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது தைத்துவிட்டது. நீ பிறந்து நாலாம் வருடம், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால் தனி வீடு எடுத்தவுடன், அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கினேன். வேலை பார்த்த கந்தோருக்கு நான் பஸ்ஸில்தான் போய்வந்தேன். கார் முற்றத்தில் நிற்கும், பெட்ரோல் டாங்கி ஒருநாளும் பாதிக்குக் கீழே இறங்காது. மற்றவர்கள் ஊர் சுற்றக் கார் வாங்கினார்கள். நான் ஓடுவதற்கு வாங்கினேன்.

வடக்கில் மறுபடியும் சண்டை தொடங்கிய வருடம் சித்தப்பா வந்தான். எனக்கும் குகனுக்கும் பதினாறு வயது வித்தியாசம். எங்கள் அப்பா செத்த பிறகு அவனைப் படிப்பித்தவன் நான்தான், ஆனால் அவனுக்குப் புத்தகம் ஏறவில்லை, யாழ்ப்பாணத்தில் ஒரு ட்ராக்டர் கராஜில் வேலை பழகினான். இயக்கத்துக்கும் பயந்து, சீருடைக்கும் பயந்து என்னிடம் வந்தான். கொழும்பில் ஒரு ஏஜென்ட் மூலம் பிரான்சுக்குப் போவதாக ஏற்பாடு. பாஸ்போர்ட் வந்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். அதுவரைக்கும் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது, அந்த நாட்களில் அந்த வயதுப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக அது போதும். அவனுக்குச் சிங்களமும் நாலைந்து சொல்தான் தெரியும். அவன் எங்களோடு இருந்த ஒன்றரை மாதம், அந்த ஆறு கிழமையும் அவனுக்கு உலகமாக இருந்தவள் நீ. அண்ணனுடைய பெண்ணை எங்கள் பக்கத்தில் பெறாமகள் என்பார்கள். அவன் அந்த 'பெறா'வை விட்டுவிட்டு, "மகள், இஞ்சை வாங்கோ" என்றுதான் கூப்பிடுவான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. காருக்கு ஒயில் மாற்றவேண்டும் என்று நான் தொடங்கினேன். வழக்கமாக அக்குறணையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர்தான் செய்து தருவார். அந்த மாதம் ரோட்டில் இரண்டு இடத்தில் மறித்துச் சோதித்தார்கள், அதனால் அவ்வளவு தூரம் போக மனமில்லை. காரோடு வந்த புத்தகத்தில் எப்படிச் செய்வது என்று படம் போட்டிருந்தது. குகன், "விடுங்கோ அண்ணை, நான் மாத்திறன்" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். நான் படிப்பிக்க நினைத்தும் படியாதவன், என் முற்றத்தில், என் மனைவிக்கும் மகளுக்கும் முன்னால், என்னைவிடக் கெட்டிக்காரனாக நிற்பதை என்னால் தாங்கமுடியவில்லை. அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

முன் சக்கரங்களைக் கல்லடுக்கில் ஏற்றி, கீழே படுத்து, பழைய ஒயிலை ஒரு வாயகன்ற பேசினில் இறக்கினேன். அதுவரைக்கும் எல்லாம் புத்தகத்தில் இருந்தபடியே நடந்தது. ஒயில் பில்டர்தான் அசையவில்லை. ஒரு சிறிய பால்மா டின் அளவில் இருக்கும் அது, இஞ்சினின் பக்கவாட்டில் திருகி மாட்டியிருக்கும், கையால் திருப்பினால் கழன்றுவர வேண்டும். போனமுறை மாட்டிய கை பலமான கை போல. துணி சுற்றிப் பிடித்தேன், கை வழுக்கியது. என் முழங்கை வரைக்கும் கறுப்பு ஒயில். குகன் பக்கத்தில் குந்தியிருந்து, "பழைய சைக்கிள் டியூப் ஒண்டு எடுத்து இறுக்கிச் சுத்தினால் கழண்டுவரும், அண்ணை" என்றான். நான் காதில் வாங்காமல் ஸ்க்ரூ ட்ரைவரையும் சுத்தியலையும் கேட்டேன். "ஓட்டை போடாதேங்கோ, தகரம் கிழிஞ்சுபோகும்" என்றான். "எனக்குத் தெரியும், உன்ரை ட்ராக்டர் வேலை இதுக்குள்ளை வேண்டாம்" என்று சொல்லி அடித்தேன். ஸ்க்ரூ ட்ரைவர் ஒரு பக்கத்தால் போய் மறுபக்கத்தால் வந்தது. அதைப் பிடித்துத் திருப்பியபோது அவன் சொன்னபடியே தகரம் கிழிந்தது, உள்ளே மிச்சமிருந்த ஒயில் என் முகத்திலும் கழுத்திலும் ஊற்றியது. உன் அம்மா வாசலில் நின்று சிரித்தாள். நீயும் கைதட்டிச் சிரித்தாய். அவன் மட்டும் சிரிக்கவில்லை. சவர்க்காரமும் துவாயும் எடுத்துவர உள்ளே போனான்.

இன்னும் ஒரு மணித்தியாலம் உளியால் தட்டித் தட்டி, துண்டு துண்டாகப் பிய்த்து அதைக் கழற்றினேன். புதிய பில்டரின் வாய்க்கு ஒயில் தடவி மாட்டி இறுக்கினேன். அப்போது குகன் கேட்டான். அந்தக் கேள்வியை அவன் கேட்ட அதே குரலில் இன்றும் கேட்கிறேன். "அண்ணை, பழைய றப்பர் வாசர் தகரத்தோடை கழண்டு வந்ததோ? சிலவேளை அது இஞ்சின்லையே ஒட்டிக்கொண்டு நிண்டுடும். அதுக்கு மேலை புதுசைப் பூட்டினா ரெண்டும் சேர்ந்து நிக்காது, ஒயில் தள்ளிப்போடும். பாத்தனீங்களோ?"

நான் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்கவேண்டும் என்றே எனக்குத் தெரியாது. புதியதைக் கழற்றி விரலால் ஒருமுறை தடவிப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். முகம் முழுக்க ஒயில், மனைவியும் பிள்ளையும் சிரித்த சிரிப்பு, முதுகு வலி. "ஓம், பாத்தனான்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். அண்ணன் சொன்ன பிறகு கீழே படுத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். "சரி, அண்ணை" என்று சொல்லிவிட்டுக் கல்லுகளை அடுக்கப் போனான்.

திங்கட்கிழமை காலையில் கந்தோருக்குப் புறப்படும்போது காரின் கீழே பார்த்தேன். கையகலத்துக்கு ஒயில் சிந்தியிருந்தது. நேற்று ஊற்றியதன் மிச்சமாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே, குகன் எழுந்து வருவதற்குள் காலில் இருந்த சப்பாத்தால் மண்ணைத் தள்ளி அதை மூடினேன். ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் தெரியாத்தனம் என்று யாராவது மன்னிக்கலாம். திங்கட்கிழமை நான் மண்ணைத் தள்ளியது தெரிந்து செய்தது.

செவ்வாய்க்கிழமை நான் போன பிறகு உனக்குத் தொய்வு வந்து மூச்சு முட்டியது. முந்தின நாள் முழுக்க மழை, உனக்கு எப்போதும் மழையோடுதான் வரும். அன்று வந்தது வழக்கமானதல்ல. உதடு நீலமாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். அவள் ரோட்டுக்கு ஓடி வாகனம் எதையாவது மறிக்கப் போனாள். குகன் அவளைத் திருப்பிக் கூப்பிட்டான். "அண்ணி, அண்ணை பேசினா நான் பாத்துக்கொள்ளுறன், பிள்ளையைத் தூக்குங்கோ" என்று சொல்லிக் காரை எடுத்தான். ஆறு கிழமையில் அன்றுதான் முதல்தடவை வாசலைத் தாண்டினான். காவலரணில் அம்மா உன்னைத் தூக்கிக் காட்ட, மறிக்காமல் விட்டார்கள். ஆஸ்பத்திரிப் படிகளில் அவன்தான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஊசி போட்டு, ஒக்சிஜன் வைத்து, இன்னும் பத்து நிமிடம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டொக்டர் சொன்னாராம். உன்னை வார்ட்டில் விட்டதும் அம்மா அவனிடம் உனக்கு மாற்றுத் துணியும் சுடுதண்ணீர்ப் போத்தலும் எடுத்துவரச் சொன்னாள். "இருக்கட்டும் தம்பி, அவரு வந்ததும் போகட்டும்" என்று பிறகு தடுத்தும் இருக்கிறாள். "பிள்ளை வேர்த்து ஈர உடுப்போடை கிடக்குது அண்ணி, ஓடிப்போட்டு வாறன்" என்று சொல்லிப் போனான்.

மிச்சத்தைப் பாலத்தடியில் பழம் விற்ற ஒரு சிங்கள அம்மாவிடம்தான் அறிந்தேன். கார் புகைத்துக்கொண்டு வந்து, பாலத்துக்குச் சரியாக முன்னால், காவலரணின் கண் முன்னே நின்றுவிட்டது. ஒயில் முழுக்கப் போய் இஞ்சின் இறுகிவிட்டது. அவன் இறங்கி, கீழே படுத்துப் பார்த்திருக்கிறான். பாலத்தின் பக்கத்தில் ஒரு கார் நிற்கிறது, ஒரு வாலிபன் அதன் கீழே கைவிட்டு எதையோ செய்கிறான். அந்தக் காலத்தில் அதை வேறு எப்படி நினைப்பார்கள்? காலைப் பிடித்து இழுத்து எடுத்தார்களாம். கையைத் தூக்கிக் காட்டி, "ஒயில், ஒயில்" என்று கத்தினானாம். அடையாள அட்டையைப் பார்த்த பிறகு அடி விழத் தொடங்கியதாம். அவன் திரும்பத் திரும்ப ஒரே ஒரு சிங்கள வசனத்தைத்தான் சொன்னான் என்று அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மகே துவ இஸ்பிரிதாலே." என் மகள் ஆஸ்பத்திரியில் என்று அர்த்தம். "அவருடைய பிள்ளைக்கு இப்போது எப்படி?" என்று அவர் என்னைக் கேட்டார். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுகம் என்று சொன்னேன்.

அடுத்த இரண்டு வருடம் நான் போகாத வாசல் இல்லை. ஒவ்வொரு மேசையிலும் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "எஹெம கெனெக் நே" என்றார்கள். அப்படி ஒருவர் இல்லையாம். காரை மட்டும் பதினாறாம் நாள் திருப்பித் தந்தார்கள். அதற்கு நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கி, முத்திரை குத்திய தாள் இருந்தது. கார் எங்கே பிடிபட்டது என்று அந்தத் தாளில் இருந்தது. அதை ஓட்டி வந்தவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அக்குறணை நானா வந்து காரைக் கட்டியிழுத்துப் போனார். மறுநாள் நான் போனபோது பில்டரைக் கழற்றி வைத்திருந்தார். விரலை உள்ளே விட்டு எனக்குக் காட்டினார். "இங்க பாருங்க தம்பி, ரெண்டு வாசர் இரிக்கி. பழசு இஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்டீக்கி, அதுக்கு மேலயே புதுசப் பூட்டீக்கி. கொஞ்ச தூரம் ஓடும், சூடானா பிதுங்கிடும். இத யாரு மாட்டின?" கராஜில் அப்போது உன் அம்மாவும் என்னோடு நின்றாள். நான் நானாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன், "தம்பிதான்" என்று.

ஆமாம், மகள். அவன்மேல் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தவள்தான், ஆனால் கடைசியில் புதியதை யார் மாட்டியது என்று அவள் பார்க்கவில்லை, சமைக்க உள்ளே போய்விட்டாள். அவன்தான் கடைசியில் உதவி செய்து மாட்டிக் கொடுத்தான் என்று வீட்டுக்கு வரும் வழியில் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். நானா மட்டும் அன்று வாசலில் வைத்து, "வேல தெரிஞ்ச புள்ள இப்பிடி விட்டிருக்காதே தம்பி" என்று மெதுவாகச் சொன்னார். அதற்குமேல் கேட்கவில்லை. அம்மா நம்பினாள். அதற்குப் பிறகு உயிரோடிருந்த காலம் முழுக்க, அவன் பேச்சு வந்தால், "பாவி மகன், தன் கையாலேயே தனக்குக் கெடுதல் தேடிக்கிட்டானே" என்று அழுவாள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். கடைசிக் கிழமை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லத்தான் போனேன். மருந்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்ததும் சொல்வோம் என்று இருந்தேன். எழுந்தாள், தண்ணீர் கேட்டாள், உன்னைக் கேட்டாள். நான் சொல்லவில்லை. அவள் போய்ச் சேர்ந்து மூன்று வருடம். அவளிடம் திருத்த எனக்கு இனி வழியில்லை.

உன்னிடம் சொன்ன பொய்யை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் சொன்னோம். வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சித்தப்பாவைத் தேடி அறை அறையாக ஓடினாய். உன்னால்தான் அவன் வெளியே போனான் என்று ஒரு நாளும் உனக்குத் தோன்றக்கூடாது என்று அம்மா பயந்தாள். நல்ல பயம்தான். பிரான்சுக்கு அவசரமாகக் கூப்பிட்டுவிட்டார்கள் என்றோம். "என்கிட்ட சொல்லாமயா?" என்று கேட்டாய். அன்று அழவில்லை. அவன் தந்த கலர்ப் பென்சில்களை எடுத்துக்கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டாய். இரண்டு வருடத்துக்குப் பிறகு சித்தப்பா எழுதியதாக வந்ததே ஒரு கடிதம், அதுவும் நான் எழுதியதுதான், இடது கையால். அதற்குப் பிறகு உனக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் வெளியூர் போனாலும் வழியனுப்ப வரமாட்டாய். போகிறவர்கள் எப்படியும் மறந்துவிடுவார்கள் என்பாய். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் செய்தது எனக்குத் தெரிந்தது. உயிரை விட்டவனை உன் கண்ணில் உன்னை விட்டுப் போனவனாக ஆக்கிவிட்டேன். அவன் உன்னை மறக்கவில்லை. நினைவோடு அவன் கடைசியாகச் சொன்னதாக நான் அறிந்த வார்த்தை உன்னைப் பற்றியதுதான்.

உனக்கு வந்த தொய்வால் அவன் சாகவில்லை. இதை நீ எத்தனை தடவை வேண்டுமானாலும் வாசி. அவன் எடுத்த முடிவு சரி, உன்னைக் காப்பாற்றினான். கார் ஓடியிருந்தால் அரை மணித்தியாலத்தில் துணியோடு திரும்பி வந்திருப்பான். அதை ஓடவிடாமல் செய்தது என் வாய். புது வாழ்க்கைக்குப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. உன் வீட்டில் யாராவது உன்னை "பார்த்தாயா?" என்று கேட்டால், பார்க்காவிட்டால், பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார். வெட்கமாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் போய்விடும்.

கார்டில் அவன் பெயரைப் போடுவதா, எப்படிப் போடுவது என்பதை நீயே முடிவுசெய். இவ்வளவு காலமும் அவனுக்கு ஒரு திவசம் கொடுக்கவில்லை, உனக்கு அவன் உயிரோடு இருந்ததால். அதையும் உன்னைக் கேட்டுத்தான் செய்வேன். இன்னொன்று. கல்யாணத்தன்று தாரை வார்க்கும்போது உன் கையை என் கையில் வைத்துத்தான் கொடுக்கவேண்டும். இதை வாசித்த பிறகு அந்தக் கை வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், கூச்சப்படாதே. புசல்லாவை மாமா செய்வார், முறைக்கு அவருக்கும் உரிமை இருக்கிறது. எனக்கு உடம்பு முடியவில்லை என்று மற்றவர்களிடம் சொல்லிவிடலாம் என்று எழுத வந்தேன். வேண்டாம். காரணம் கேட்பவர்களுக்கு நானே உண்மையைச் சொல்லிக்கொள்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நீ வருவதாக இருந்தது. பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு நான் கண்டி ஸ்டாண்டில் நிற்பேன். நீ அதில் வராவிட்டால் அடுத்ததற்கும் நிற்பேன். அதிலும் வராவிட்டால் உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மகள்.

உன் அப்பா